நாங்கள் கேட்ட சாலை, நாங்கள் இடித்த மதில்

கோரிக்கை நிறைவேறினால் வேலை போய்விடும், நிறைவேறாவிட்டால் மானம் போய்விடும்; போராட்டம் நடத்துவது அப்படிப்பட்ட தொழில். நோட்டீஸ் எழுதி, பந்தல் கட்டி, வெயிலில் தொண்டை வறளக் கத்தியவர்கள் உங்களில் இருந்தால், இனி சொல்லப்போவதில் பாதி உங்களுக்கும் நடந்திருக்கும். நான் முப்பது வருடமாக இதில் இருக்கிறேன். பள்ளிக்கூடம் என்னைப் பத்தாம் வகுப்போடு அனுப்பிவிட்டது. மீதியைத் துண்டுப் பிரசுரங்கள் கற்றுக்கொடுத்தன. பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையில் நான் கூட்டம் போடாத முக்கு கிடையாது. எனக்கு நன்றி சொன்ன முக்கும் கிடையாது.

எங்கள் ஊர் கூரை ஓடு சுடும் கம்பெனியை நம்பி வளர்ந்தது. கம்பெனி பூட்டியபின் சந்தை மட்டும் மிஞ்சியது. பிறகு நாலுவழிச் சாலை வந்தது. இரண்டு பக்கமும் கான்கிரீட் சுவர், நடுவில் மண், அதன் தலையில் சாலை. நாங்கள் அதை மதில் என்போம். மதிலுக்குக் கிழக்கே சந்தை. மேற்கே பஸ் ஸ்டாப், சர்ச், வீடுகள், பூட்டிக் கிடந்த கம்பெனி வளாகம். கூப்பிட்டால் கேட்கும் தூரத்திலிருந்த சந்தைக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் சுற்றி வர வேண்டும். யார் வருவார்கள்? சந்தை வாசலில் மீன் விற்ற பெண்கள் ஒவ்வொருவராகப் போய், பூவாரிலிருந்து வரும் ஸ்டெல்லா மட்டும் மிஞ்சினார். மதில் திறக்காவிட்டால் அவரும் இன்னொரு மழைக்காலம் தாங்கமாட்டார். இதை இடித்து, அடியில் ஆள் நடக்கிற மாதிரி தூண்பாலம் கட்டு என்று நாங்கள் பந்தல் போட்டது அதனால்தான்.

பழைய கையெழுத்து

நெடுஞ்சாலை அலுவலகத்துக்கு மனு கொடுக்கப் போனோம். எஞ்சினியர் ஓர் இளம்பெண், கொல்லத்துக்காரர். மனுவை வாசித்துவிட்டு அலமாரியிலிருந்து பழைய ஃபைல் ஒன்றை எடுத்தார். உள்ளே, சாலை வருவதற்கு முன்பு கொடுத்த ஒரு மனு. மழை பெய்தால் முக்கில் முழங்கால் தண்ணீர் நிற்கிறது, கம்பெனி போன ஊருக்குப் புதுச் சாலையாவது வேண்டும், அதையும் உயர்த்திக் கட்டு என்று எழுதியிருந்தது. எழுதியவன் நான். அடியில் என் கையெழுத்து, மற்ற எல்லோருடையதையும்விடப் பெரிதாக.

நாங்கள் கேட்டது முழங்கால் உயரம், நீங்கள் தந்தது தென்னை உயரம் என்று விளக்கப் பார்த்தேன். அவர் இரண்டு மனுக்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டார்: "உயர்த்தணும்னு சொன்னதும் சார்தான், இடிக்கணும்னு சொல்றதும் சார்தான். இந்த ரெண்டு சாரில ஏது சாரை நான் விசுவசிக்கணும்?"

மைக்கில் சொன்ன உண்மை

மூன்று நாள் நான் பந்தல் பக்கமே போகவில்லை. தவறு என்ற சொல்லை அதுவரை நான் அரசாங்கத்துக்கு மட்டுமே பயன்படுத்தியிருந்தேன். கடைசியில் சந்தையில் கூட்டம் போட்டு, ஊர் அறிய ஒப்புக்கொண்டுவிடுவது என்று முடிவு செய்தேன். முன்னுரையாக உலக வரலாறு அரை மணி நேரம். மைக் செட் வைத்திருக்கும் ராஜமணி இரண்டு தடவை கடிகாரத்தைக் காட்டினார். அதன்பிறகுதான் விஷயத்துக்கு வந்தேன். இந்தச் சாலையை உயர்த்தச் சொல்லி ஊரைக் கூட்டியவன் நான், உங்கள் வியாபாரம் போனதில் எனக்கும் பங்கு உண்டு என்றேன்.

கூட்டத்தில் அழுகையோ ஆத்திரமோ வரும் என்று எதிர்பார்த்தேன். முன்வரிசையில் மீன் வைத்திருந்த அலுமினியச் சருவத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஸ்டெல்லா எழுந்திருக்கக்கூட இல்லை. "அது எங்களுக்கு அன்னைக்கே தெரியும் அண்ணே. நீங்க மைக்க விட்டாத்தானே நாங்க பறைய முடியும்."

மனிதச் சங்கிலி

மறு மாதம் மனிதச் சங்கிலி. சந்தை வாசலில் ஸ்டெல்லா மதிலில் ஒரு கையை வைத்து நிற்பார். அவருடைய மறு கையிலிருந்து சங்கிலி அந்தச் சுற்று வழியில் தெற்கே போய், சாலைக்கு அடியிலுள்ள மதகு வழியாக மறுபக்கம் ஏறி, சுவரின் அந்தப் புறத்தில் அதே இடத்துக்கு வந்து சேர வேண்டும். ஆயிரம் பேர் என்று நோட்டீஸில் போட்டிருந்தேன். நோட்டீஸில் போடும் எண்ணிக்கை பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வந்தவர்கள் கையை எவ்வளவு இழுத்துப் பிடித்தும் மதகைக்கூட எட்டவில்லை.

வெட்கத்தில் நான் கொடியைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் பார்த்தேன், எஞ்சினியர் வந்திருந்தார். சங்கிலி முடிந்த இடத்திலிருந்து, ஆள் இல்லாத மீதித் தூரம் முழுவதையும் நண்பகல் வெயிலில் தனியாக நடந்து மறுபக்கம் போனார். பிறகு அதே வழியில் திரும்பி வந்தார். முகம் சிவந்திருந்தது, செருப்பில் ஒரு வார் அறுந்திருந்தது. என்ன கண்டீர்கள் என்று நான் கேட்குமுன் ராஜமணி அவரிடம் சொன்னார்: "ஆளு தீந்து போச்சு மேடம், மதிலு தீரல்ல."

பிரிக்காத கவர்

சில மாதம் கழித்து நெடுஞ்சாலை அலுவலகத்திலிருந்து ரெஜிஸ்டர் தபாலில் ஒரு கவர் வந்தது. அந்தப் பழுப்புக் கவரை எனக்கு நன்றாகத் தெரியும். எத்தனை பந்தலைப் பிரிக்கச் சொல்லி எத்தனை கவர் வாங்கியிருக்கிறேன். அதனால் பிரிக்காமலே கண்டித்தேன். "பந்தலை அகற்றும் சதியை முறியடிப்போம்" என்று அன்றே நோட்டீஸ் அடித்து வெள்ளறடை வரை ஒட்டினோம்.

அடுத்த வாரம் காலையில் ஜேசிபி வந்தது. பந்தலைப் பிடுங்கத்தான் என்று அதன் முன்னால் முதலில் போய்ப் படுத்தவர் ஸ்டெல்லா. பிறகு நாங்கள் எல்லோரும் படுத்தோம். டிரைவர் மார்த்தாண்டத்துக்காரர், எஞ்சினை நிறுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு மணி நேரம் கோஷம். இடையில் ராஜமணி என் பையில் தண்ணீர் பாட்டில் தேடினார். கையில் கவர் அகப்பட்டது. பிரித்தார், வாசித்தார், என்னிடம் நீட்டினார். மதிலை இடித்துத் தூண்பாலம் கட்ட அனுமதி. பூட்டிய கம்பெனி வளாகத்தில் பஸ் ஸ்டாண்டும், சந்தை இருக்கும் இடத்திலேயே புதுச் சந்தையும்.

கோஷம் வரிசையின் ஒரு முனையிலிருந்து ஒவ்வொருவராக நின்றது. டிரைவர் கீழே எட்டிப் பார்த்தார். "அண்ணாச்சி, இடிக்க விடுவியளா? இல்லெங்கி நான் நாளைக்கு வாறேன்."

வரவேற்பு எழுதத் தெரியாதவன்

வாழ்க்கையில் முதல் முறையாக வரவேற்பு நோட்டீஸ் எழுத உட்கார்ந்தேன். எவ்வளவு முயன்றும் "வன்மையாக வரவேற்கிறோம்" என்றுதான் வந்தது. கடைசி வரியில், வேலையைத் தாமதமின்றி முடிக்காவிட்டால் விளைவுகளுக்கு நாங்கள் பொறுப்பல்ல என்று சேர்த்திருந்தேன். அச்சகத்தில் டைப் செய்யும் பெண் முழுவதையும் படித்துவிட்டுச் சொன்னாள்: "சாரே, இத வாசிச்சா அவிய மதிலத் திரும்பக் கட்டிருவாவ."

தூணடியில் ஓர் இடம்

தூண்கள் எழும்பின. சுவர் நின்ற இடத்தில் காற்று வந்தது. புதுச் சந்தைக் கடைகளுக்குப் பெயர்ப் பட்டியல் ஒட்டினார்கள். கட்டடத்துக்குள் கடை வைத்திருந்தவர்களின் பெயர்கள் இருந்தன. வாசலில் தரையில் உட்கார்ந்து விற்ற ஸ்டெல்லாவின் பெயர் இல்லை. இவ்வளவும் யாருக்காகச் செய்தோமோ அவருக்கே இடமில்லை. எனக்கு ரத்தம் சூடேறியது. உண்மையைச் சொன்னால் கொஞ்சம் உற்சாகமும் வந்தது. பந்தலுக்கு மூங்கில் சொல்லிவிட்டேன்.

மூங்கில் வருவதற்குள் ஸ்டெல்லா எஞ்சினியரைப் பாலத்தடியில் பிடித்துவிட்டார். வரைபடத்தை விரிக்கச் சொல்லி, பஸ் ஸ்டாண்டிலிருந்து சந்தைக்கு ஆட்கள் எந்த வழியாக நடப்பார்கள் என்று கேட்டார். எஞ்சினியர் விரலை ஓட்டிக் காட்டினார். "அந்த விரலு போற வழியில எனக்க சருவத்துக்கு ஒரு இடம் போடுங்க மேடம், பொறவு விட்டுப் போன பொம்பளையளுக்கும் சேத்து." எஞ்சினியர் சிரித்துவிட்டு, நடைபாதை ஓரமாக, மூன்றாம் தூணடியில், ஒன்றல்ல, வரிசையாகப் பன்னிரண்டு கட்டம் போட்டார். போன பெண்களில் நாலு பேர் அடுத்த வாரமே திரும்பி வந்தார்கள்.

நடைபாதை திறந்த காலையில் நான் வெள்ளைச் சட்டை போட்டு மூன்றாம் தூணுக்கு நேரே போய் நின்றேன். யாராவது இரண்டு வார்த்தை பேசச் சொல்வார்கள் என்று நினைத்தேன். மேற்கிலிருந்து சனங்கள் நேராக நடந்து வந்தார்கள். ஸ்டெல்லா சாளை மீனைக் கூறு வைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார்: "அண்ணே, கொஞ்சம் மாறி நில்லுங்க. ஆளு வாற வழியிலயாக்கும் நிக்கிதிய."

தடையாக நிற்பதையெல்லாம் அகற்றச் சொல்லியே முப்பது வருடம் கத்திய நான், ஒரு கோஷமும் இல்லாமல் ஒருவர் சொன்னவுடனே அகன்றது அன்றுதான்.