பாட்டிலைப் பார்த்துப் படித்த பவுனு

தில்லியில் காய்கறி வண்டிக்காரரோடு சண்டை போடாத தமிழச்சி கிடையாது. எல்லோரும் விலைக்காகப் போடுவார்கள். நம்ம பவுனு மட்டும் உருளைக்கிழங்கு வேரா தண்டா என்று போட்டாள்.

"ஆலூ ஜட் நஹீ ஹை பையா, தனா ஹை!" என்று ஜனக்புரித் தெருமுனையில் நின்று கத்தினாள். உருளைக்கிழங்கு வேர் இல்லையப்பா, தண்டு என்று அர்த்தம். சர்க்கரைவள்ளிதான் வேராம். வெங்காயத்தில் நாம் நறுக்கித் தள்ளுவது இலையின் அடிப்பாகமாம். கொத்தமல்லி விதை என்று நாம் நினைப்பது விதையே இல்லை, கனியாம். வண்டிக்காரர் பொறுமையாகக் கேட்டார். "தீதி, தனா ஹோ யா ஜட், தீஸ் ருப்யா கிலோ," என்றார். தண்டோ வேரோ, முப்பது ரூபாய் கொடு என்கிறார், அவர் பாடு அவருக்கு. பக்கத்தில் பையைப் பிடித்துக்கொண்டு நின்ற புருஷன் பச்சைமுத்துவுக்கோ பெருமை தாங்கவில்லை. தண்டிலேயே இரண்டு கிலோ வாங்கிவிட்டார்.

பவுனுவுக்கு நாற்பத்தாறு வயது. தர்மபுரிப் பக்கம் பென்னாகரத்தில் பத்தாவது வரை படித்தவள். கல்யாணம் கட்டிக்கொண்டு தில்லிக்கு வந்தவள். பச்சைமுத்து சாணக்யபுரியில் ஒரு மாநில விருந்தினர் மாளிகையில் டிரைவர். பவுனுவுக்கு மேற்கு தில்லியில் தமிழ்ப் பிள்ளைகள் படிக்கிற ஒரு பள்ளிக்கூடத்தில், உயிரியல் லேபில் அட்டெண்டர் வேலை. பதினேழு வருஷமாக மைக்ரோஸ்கோப் துடைத்தவள், ஸ்லைடு கழுவியவள், பிராக்டிகல் பரீட்சையில் நிமிஷத்துக்கொரு தரம் மணி அடித்தவள் அவள்தான்.

அந்த லேபில் அசிஸ்டெண்டாக இருந்த சேஷன் ஜூன் முப்பதோடு ஓய்வு பெறுகிறார் என்றதும் பவுனுவுக்கு நெஞ்சுக்குள் ஒரு குறுகுறுப்பு. நேரே பிரின்சிபால் ருக்மிணி மேடத்தின் முன்னால் போய் நின்றாள். மேடம் கறாரான பேர்வழி, ஆனால் சொன்ன சொல் மாறாதவர்.

"பவுனு, உயிரியல் எடுத்து ப்ளஸ் டூ பாஸ் பண்ணு. ஜூன் முடியறதுக்குள்ள ரிசல்ட்டக் கொண்டுவந்து காட்டு. அந்த இடம் உனக்குத்தான். இல்லேன்னா நான் வெளியாளைத்தான் எடுத்தாகணும், அப்புறம் எம்மேல வருத்தப்படக் கூடாது."

வருத்தமா! பவுனுவுக்கு அந்த வேலை மேல் கொள்ளை ஆசை. வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு, பிள்ளைகள் நடுவே நின்று, இன்னது இன்னதென்று பேர் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்டது. ஒரு திறந்தநிலைப் பள்ளியில் பணம் கட்டிச் சேர்ந்தாள். மற்ற பாடங்களை முந்தின வருஷமே தட்டுத்தடுமாறிக் கரையேற்றிவிட்டாள். உயிரியல் மட்டும்தான் பாக்கி, அதையும் தமிழிலேயே எழுதலாம் என்று இருந்தது.

வீட்டில் இன்னொரு உயிரியல் மாணவியும் இருந்தாள். மகள் சிந்து, அதே வருஷம் ப்ளஸ் டூ. தில்லியில் பிறந்த பெண், தமிழ் பேசுவாள், எழுத்துக் கூட்டச் சொன்னால் மட்டும் வேர்த்துவிடும். அம்மாவின் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, "மம்மி, யே சவ்வூடு பரவல் க்யா ஹை?" என்றாள்.

"ஊறப்போட்ட கொண்டக்கடல காலைல ஏன் உப்பிக் கெடக்குது? தண்ணி சவ்வு வழியா உள்ள போவுதில்ல, அதாண்டி."

"அச்சா, ஆஸ்மாசிஸ்! ஸீதா போலோ நா!" நேராகச் சொல்லக் கூடாதா என்கிறாள்.

மகளுக்குத் தமிழ் வாசிக்க வராததால் கேள்வி கேட்கும் பொறுப்பு பச்சைமுத்துவின் தலையில் விழுந்தது. மனுஷன் அதைப் பதவி உயர்வு மாதிரி எடுத்துக்கொண்டார். புத்தகத்தின் கடைசியில் இருந்த அருஞ்சொல் பட்டியலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பஸ்ஸில் போனாலும் மெட்ரோவில் போனாலும், "நொதி! சொல்லு, நொதின்னா என்ன?" என்று தொண்டை கிழியக் கேட்பார். "உடம்புல நடக்கிற வேதி வேலைய ஜல்தியா முடிச்சுக் குடுக்குறது, ஆனா தான் செலவாவாதது!" என்று இவள் அதைவிடக் கத்துவாள். புருஷன் பெண்டாட்டி சண்டை என்று நினைத்து ஒரு சர்தார்ஜி எழுந்து இடம் கொடுத்து, இருவரையும் உட்காரவைத்து சமாதானம் பேசினார். இவர்கள் அந்த இடத்தில் சௌகரியமாக உட்கார்ந்து, பட்டியலில் அடுத்த சொல்லான உட்கருவுக்குப் போய்விட்டார்கள்.

சொற்கள் வீடெல்லாம் இறைந்து கிடந்தன. ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கும் ரஜாய்ப் போர்வையை விட்டு வெளியே வராத சிந்துவுக்குக் குளிர்கால உறக்கம். ஊரிலிருந்து வேலை தேடி வந்து, மூன்று வாரமாக வேலையும் தேடாமல் கிளம்பவும் செய்யாமல் பூரி கேட்டுக்கொண்டிருந்த பச்சைமுத்துவின் சித்தப்பா மகன் ஒட்டுண்ணி. "அப்ப நாம யாரு?" என்று பச்சைமுத்து குசுகுசுவென்று கேட்டார். "ஓம்புயிரி. ஒட்டுண்ணிக்கு எடமும் சோறும் குடுக்குறது," என்றாள் பவுனு. இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறையில் சிரித்த சிரிப்பில் பூரி கருகிப்போனது.

இப்படி எல்லாம் ஜோராகப் போய்க்கொண்டிருந்தது. பிராக்டிகலுக்குப் பத்து நாள் இருக்கும்போதுதான் குட்டு உடைந்தது.

பிராக்டிகலில் மேஜை மேல் எட்டு மாதிரிகள் வைத்திருப்பார்கள். ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு நிமிஷம் நின்று, அது என்னவென்று எழுதி, மணி அடித்ததும் நகர வேண்டும். "அது எனக்குத் தண்ணி பட்ட பாடு," என்று பவுனு சொல்லிக்கொண்டு திரிந்தாள். சிந்து சும்மா இருக்காமல் செல்போனில் படங்களை எடுத்துக் காட்டினாள். நாடாப்புழு. பவுனு முழித்தாள். உருளைப்புழு. அதற்கும் முழித்தாள். கல்லீரல் புழுவைப் பார்த்து ஏதோ இலை என்றாள். இருபதில் ஆறுதான் தேறியது, அந்த ஆறில் நட்சத்திர மீனும் தவளையும் அடக்கம்.

"மம்மி! பதினேழு வருஷமா இதையெல்லாம் தினம் தொடைக்கிறியே!"

"ஐயோ சிந்து, படத்துல பாட்டிலே இல்லயேடி!"

விஷயம் இதுதான். அந்த லேபில் சேஷனும் பவுனுவும் எதையும் பேர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. "பவுனம்மா, அந்தச் சிவப்பு மூடியை எடு" என்றால் நாடாப்புழு. "கோணக் கழுத்து" என்றால் உருளைப்புழு. கல்லீரல் புழு இருந்தது விளிம்பு உடைந்த ஊறுகாய் ஜாடியில். பாட்டிலின் முகம்தான் அவளுக்குத் தெரியும், உள்ளே மிதப்பதன் முகத்தை அவள் ஏறெடுத்தும் பார்த்ததில்லை. பரீட்சை மையமோ ரோகிணிப் பக்கம் ஏதோ ஒரு பள்ளி. அங்கே என்ன மூடியோ, என்ன ஜாடியோ! சிந்து தரையில் புரண்டு சிரித்தாள். பவுனுவுக்குச் சிரிப்பு வரவில்லை. ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. கையுறை மாட்டிக்கொண்டு, மூக்கில் துணி கட்டிக்கொண்டு, லேபில் இருந்த முப்பத்திரண்டு மாதிரிகளையும் ஒரே மூச்சில் பாட்டில் மாற்றினாள். சிவப்பு மூடிக்குள் கடல்குதிரை, கோணக் கழுத்துக்குள் தேள், ஊறுகாய் ஜாடிக்குள் நாடாப்புழு. பழைய லேபிள்களைச் சுரண்டி எடுத்தாள். நல்ல காரியம்தான். சேஷனிடம் சொல்ல மறந்துபோனதுதான் தப்பு.

திங்கட்கிழமை சேஷன் வழக்கம்போல் பிள்ளைகளைப் பார்த்துப் பேசிக்கொண்டே, அலமாரிப் பக்கம் திரும்பாமல், கையை மட்டும் நீட்டிச் சிவப்பு மூடியை எடுத்து உயர்த்தினார். "இதோ பாருங்கோ, மனுஷக் குடல்ல குடியிருக்கற ஜந்து. சில சமயம் பல அடி நீளம் வளரும்," என்றார். வகுப்பு கடல்குதிரையைப் பார்த்தது. அப்புறம் சேஷனின் வயிற்றைப் பார்த்தது. கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி ஒரு சிரிப்பு!

"பவுனம்மா!" என்று அலறினார் சேஷன். அவள் கைகளைப் பிசைந்துகொண்டு விஷயத்தைச் சொன்னதும் அவருக்கே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "முப்பது வருஷ சர்வீஸ், எனக்கும் மூடிதான் தெரிஞ்சிருக்கு பாரேன்! பேஷ், அப்படியே இருக்கட்டும்," என்றார். அந்த ஒரு வாரம் இருவரும் பாட்டில் பாட்டிலாக மூக்கை வைத்துப் பார்த்தார்கள். பவுனு முதல் தடவையாகப் புழுவின் தலையைப் பார்த்தாள், வாலைப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அழகாக இருந்ததாம். அந்த ரசனை நமக்கு வேண்டாம், விடுங்கள்.

பரீட்சை நாள் வந்தது. முதல் மூன்று மாதிரிகளைப் பவுனு வெளுத்துக் கட்டினாள். நான்காவதுக்கு நகரும்போது, முன்னால் நின்ற ஒரு பெண்ணின் துப்பட்டா ஐந்தாவது ஜாடியைச் சுற்றி இழுக்க, ஜாடி டமார் என்று தரையில் விழுந்து நொறுங்கியது. ஃபார்மலின் நெடி குப்பென்று கிளம்பியது. அவ்வளவுதான், பவுனுவுக்குத் தான் பரீட்சை எழுத வந்தவள் என்பதே மறந்துபோயிற்று.

"ஸப் பாஹர்! கிட்கி கோலோ!" என்று எல்லோரையும் வெளியே விரட்டி, ஜன்னல்களைத் திறக்கவைத்து, முந்தானையால் மூக்கை இறுக்கிக் கட்டிக்கொண்டு, மூலையில் இருந்த தீயணைப்பு மணல் வாளியைத் தூக்கிவந்து தரையில் கொட்டினாள். கையுறை எங்கே, இடுக்கி எங்கே, தட்டு எங்கே என்று அந்தப் பள்ளி ஆட்களையே அதட்டினாள். கண்ணில் தண்ணீர் வழிய வழியக் கண்ணாடியைக் கூட்டி அள்ளி, தரையில் கிடந்ததை இடுக்கியால் எடுத்துத் தட்டில் கிடத்திவிட்டு நிமிர்ந்தபோதுதான் அவளுக்கு நினைவு வந்தது. மற்றவர்களை அடுத்த அறைக்குக் கூட்டிப்போய் மீதியை முடித்துவிட்டிருந்தார்கள். அவள் தாளில் மூன்றே மூன்று பதில்கள்.

உயிரே போய்விட்டது பவுனுவுக்கு. போச்சு, எல்லாம் போச்சு. தன் புத்தியைத் தானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் அம்மாள் வாசலில் நின்றபடி, "ஆப் யஹாங் கீ அட்டெண்டர் ஹைங்?" என்றார், நீங்கள் இந்தப் பள்ளி அட்டெண்டரா என்று.

"நஹீ மேடம். ஸ்டூடெண்ட்," என்றாள் பவுனு, அழுகையை அடக்கிக்கொண்டு.

அந்த அம்மாள் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தட்டைக் காட்டி, "யே க்யா ஹை?" என்றார், இது என்னவென்று. பாட்டில் இல்லை, மூடி இல்லை, லேபிள் இல்லை. மணல் ஒட்டிய ஏதோ ஒன்று வெறுமனே கிடந்தது.

பவுனு குனிந்து பார்த்தாள். "ஆஸ்காரிஸ், மேடம். உருளைப்புழு. இது ஆண். வால் நுனி வளைஞ்சிருக்குது பாருங்க. பெண்ணுன்னா நேரா இருக்கும், நீளமாவும் இருக்கும்," என்று தமிழில் ஆரம்பித்து, சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டு, எல்லாவற்றையும் இந்தியில் முதலிலிருந்து சொன்னாள். ஒட்டுண்ணி என்றாள், ஓம்புயிரி மனிதன் என்றாள், முட்டை எப்படி வயிற்றுக்குள் போகிறது என்றாள், கை கழுவாமல் தின்பவர்களை நாலு வார்த்தை திட்டவும் செய்தாள். நிறுத்தத் தெரியவில்லை அவளுக்கு. மீதி நான்கையும் அந்த அம்மாளே கொண்டுவந்து வைத்துக் கேட்டார். நான்காவதில் கையெடுத்துக் கும்பிட்டு, "பஸ், பஸ்!" போதும் போதும் என்றார். எத்தனை மார்க் என்று மட்டும் சொல்லவில்லை.

எழுத்துப் பரீட்சையும் முடிந்தது. மே போனது, சிந்துவின் ரிசல்ட் வந்து அவள் பாஸாகி, மிட்டாயும் தின்று தீர்த்தாயிற்று. ஜூன் வந்து தில்லி கொதித்தது. பவுனுவின் ரிசல்ட் மட்டும் வந்தபாடில்லை. ஜூன் இருபத்தெட்டாம் தேதி ருக்மிணி மேடம் அவளைக் கூப்பிட்டார். "இனிமே தள்ள முடியாது பவுனு. நாளைக்கு மூணு பேரை இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருக்கு. மூணு நாற்காலி போட்டு, டீக்கும் ஏற்பாடு பண்ணிடு," என்றார். சொல்லும்போது அவர் பவுனுவின் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் பவுனு மூன்று நாற்காலி போட்டாள். டீ போட்டு ஃப்ளாஸ்க்கில் ஊற்றி, தட்டில் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"மம்மி! பாஸ்! நீ பாஸ்!" சிந்து கூவினாள். "பிராக்டிகல்ல இருபதுக்குப் பத்தொம்பது! எனக்கே அவ்ளோ வரல, யே தோ சீட்டிங் ஹை!" பின்னாலேயே பச்சைமுத்துவின் குரல், "ஏ பவுனு, பாஸ் புள்ள, பாஸ்!" என்றது, அப்புறம் அந்த மனுஷன் மூக்கை உறிஞ்சுகிற சத்தம்தான் கேட்டது. மார்க் பட்டியல் படமாகப் போனில் வந்து விழுந்தது. பவுனு அதை மூன்று தடவை பார்த்தாள். ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு ஒரு குதி குதித்தாள். கோப்பைகள் கலகலத்தன.

அப்புறம் தட்டைத் தூக்கிக்கொண்டு பிரின்சிபால் அறைக்குள் போனாள். மூன்று பேரும் ஃபைலும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள். பாவம், அவர்கள் மேல் அவளுக்கு ஒரு கோபமும் இல்லை. தட்டை மேஜையில் வைத்தாள். வெளியே போய் வராந்தாவிலிருந்து ஒரு நாற்காலியைத் தூக்கிவந்து, மூன்றாவது ஆளுக்குப் பக்கத்தில் போட்டு, சேலையைச் சரி செய்துகொண்டு உட்கார்ந்தாள்.

"என்ன பவுனு இது?" என்றார் ருக்மிணி மேடம்.

அவள் போனை நீட்டினாள். மேடம் வாங்கிப் பார்த்தார். மேலிருந்து கீழே பார்த்தார், மறுபடி கீழிருந்து மேலே பார்த்தார். கறாரான அந்த முகம் ஒரு நிமிஷம் என்னவோ போல ஆகிவிட்டது. பிறகு ஃப்ளாஸ்க்கைத் தன் பக்கம் இழுத்து, தானே முதல் கோப்பையில் டீயை ஊற்றி, பவுனுவின் முன்னால் நகர்த்தி வைத்தார்.

பவுனு இரண்டு கையாலும் எடுத்துக் குடித்தாள். சர்க்கரை கொஞ்சம் தூக்கலாக இருந்தது. அவளே போட்ட டீதான். பதினேழு வருஷத்தில் அந்த அறையில் உட்கார்ந்து அதைக் குடித்துப் பார்ப்பது அதுதான் முதல் தடவை.