உரிமம் வராத மெஷின்

வலங்கைமான் கடைத்தெருவில் சின்னதாக ஒரு ரத்தப் பரிசோதனை லேப் வைத்திருக்கிறேன். சர்க்கரை, கொழுப்பு எல்லாம் பார்ப்பேன். பொட்டாசியம் பார்க்க மட்டும் அப்போது வசதி இல்லை. அக்கா வீட்டுக்காரருக்குச் சிறுநீரகம் பழுதாகியிருந்தது. வாராவாரம் பொட்டாசியம் பார்த்தே ஆகவேண்டும், ஏறிவிட்டால் இதயம் நின்றுவிடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதற்கு அத்தான் தஞ்சாவூர் போய்த்தான் வரவேண்டும். இங்கே ரத்தம் எடுத்து பஸ்ஸில் கொடுத்தனுப்பினால் வெயிலில் கெட்டு எண் மாறிவிடும்.

அந்தச் சமயம் ஒரு விற்பனைக்காரர் கைக்கடக்கமான மெஷின் ஒன்றைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். ஒரு சொட்டு ரத்தம் போதும், பொட்டாசியம் எவ்வளவு என்று சொல்லிவிடுமாம். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். உரிம எண் இல்லை.

"ஃபைல் டெல்லில இருக்கு மேடம், இன்னிக்கோ நாளைக்கோ வந்துடும். அதுவரைக்கும் சும்மா வச்சுப் பாருங்க."

சும்மா வைத்துப் பார்க்க இது என்ன மிக்ஸியா? எரிச்சலோடு எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டேன்.

அக்காவுக்கு விஷயம் தெரிந்து நேரே லேபுக்கே வந்துவிட்டாள். "கூடப்பொறந்தவ லேப் வச்சிருந்து எங்களுக்கு என்னடி பிரயோசனம்? சட்டம் பேசிக்கிட்டு உக்காந்திருக்கே."

"சட்டத்துக்காக இல்லக்கா. அது சொல்றது சரியான்னு இன்னும் யாரும் சோதிச்சு முடிக்கல. தப்பாச் சொன்னா அத்தான் உசுரு போயிடும்."

அதோடு அக்கா பேச்சை நிறுத்திவிட்டாள். நானும் வீம்பாக அந்தப் பக்கமே போகவில்லை.

நடவு முடிந்த வாரம் அத்தான் தஞ்சாவூர் போகவில்லை. வாய்க்காலில் முறைத் தண்ணீர் அவர் வயலுக்கு அன்றைக்குத்தான். அதை விட்டால் அடுத்த முறை வரை பயிர் காயவேண்டியதுதான். அடுத்த வாரமும் வயலில் வேலை. கால் வீங்கியிருந்தது. சேற்றிலேயே நின்றால் யாருக்கும் வீங்கத்தானே செய்யும் என்று அவரும் அக்காவும் நினைத்திருக்கிறார்கள். அக்கா வேப்பெண்ணெய் தடவிவிட்டிருக்கிறாள். ஒரு நாள் காலை வரப்பிலேயே விழுந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் உயிர் போய்விட்டது. பொட்டாசியம் ஏறியதுதான் காரணம் என்றார்கள்.

துக்க வீட்டில்தான் அக்காவும் நானும் மறுபடி பேசினோம்.

மெஷினுக்கு உரிமம் அதற்குப் பிறகு நெடுநாள் கழித்து வந்தது. கொண்டுவந்தவர் அதே விற்பனைக்காரர். முதலில் செய்த மெஷின், பொட்டாசியம் ஏறியிருந்த ரத்தத்தில் குறைத்துக் காட்டியதாம். சோதனையில் அது தெரிந்து, திருத்திய பிறகே அனுமதி கிடைத்ததாம். கேட்டதும் எனக்கு அப்பாடா என்று இருந்தது. அப்படித் தோன்றியதை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

அந்த வாரமே அக்கா லேபுக்கு வந்தாள். "அன்னிக்கு வந்தது இதுதானே?" என்றாள்.

"ஆமாக்கா. ஆனா அன்னிக்கு இருந்த மெஷின் தப்பாத்தான் சொல்லியிருக்கும். நல்லாத்தான் இருக்காருன்னு காட்டியிருக்கும்."

அக்கா அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு இருந்த இடத்திலேயே வைத்தாள்.

"காட்டியிருக்கட்டும். இங்கன்னா, முறைத் தண்ணி அன்னிக்கும் ஒரு எட்டு வந்திருப்பாருல்ல? அவரு கால் வீங்கியிருந்தத நீ பாத்திருப்பேல்ல?"