என் நாவலுக்கு நடந்த பட்டிமன்றம்

என் நாவலைப் படித்தவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். படிக்காதவர்களும் பிரிந்தார்கள், சத்தம் அவர்களிடமிருந்துதான் அதிகம் வந்தது. கணவன்தான் மனைவியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைத்தியமாக்குகிறான் என்று ஒரு கட்சி. அவள் முதலிலிருந்தே பைத்தியம், அந்த மனிதன் பாவம் என்று இன்னொரு கட்சி. வாட்ஸ்அப் குழுக்களில் அடித்துக்கொண்டார்கள். ஜொகூர் பாரு பக்கம், பெர்மாஸ் ஜெயாவில் நான் வேலை செய்யும் கிளினிக்குக்கு இருமிக்கொண்டே வந்த ஓர் அம்மா, "அவளுக்கு ரெண்டு அறை விட்டிருந்தா எல்லாம் சரியாப் போயிருக்கும் லா" என்று விமர்சனம் சொல்லிவிட்டு மருந்துக்குக் கை நீட்டினார். சிரித்துக்கொண்டே, சாப்பாட்டுக்குப் பிறகு குடியுங்கள் என்று சொல்லிக் கொடுத்தேன். அந்த இருமல் இன்னும் ஒரு வாரம் இருக்கட்டும் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன்.

கதை பெரிய கதை இல்லை. செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த ஒரு சிறு நகரம், அதில் ஒரு கணவன், ஒரு மனைவி. அவள் வைத்த பொருள் வைத்த இடத்தில் இருப்பதில்லை. சாவி அரிசி டின்னுக்குள் கிடக்கிறது. அவள் மூடிவிட்டு வந்த அடுப்பிலிருந்து கேஸ் வாடை வருகிறது. கணவன் அதட்டுவதே இல்லை. "பரவாயில்லம்மா, நீ களைச்சுப் போயிருக்க" என்று தலையைத் தடவுகிறான். பிறகு அக்கம்பக்கத்தாரிடம் போய்க் கண்கலங்கச் சொல்கிறான். கடைசி அத்தியாயத்தில் வீடு எரிகிறது. கேஸைத் திறந்துவிட்டது யார் என்று நான் எழுதவில்லை.

அந்த வீடு நிஜத்தில் பண்டார் தெங்காராவில் இருந்தது. எரியவில்லை, நான்தான் அதிலிருந்து வெளியே வந்தேன். என் கணவராக இருந்தவருக்கு அரசாங்க உத்தியோகம், கோயில் கமிட்டியில் நல்ல பெயர், குரலை உயர்த்தியே பேசத் தெரியாத மனிதர். அவர் குடும்பம் இலங்கையிலிருந்து வந்து தலைமுறையாக ஆபீஸில் உட்கார்ந்த குடும்பம். என் அப்பா அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள். "தோட்டத்து ஆளுங்களுக்கு இதெல்லாம் ரத்தத்திலேயே வரும்" என்று அவருடைய தங்கை என் எதிரிலேயே சொல்வாள். மந்திரித்துக் கட்டிய கயிறு என் கையில் நிறம் போகும்வரை இருந்தது. கடைசியில் இரண்டு குடும்பத்துப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசியபோது, என் மகளைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அப்போது அவளுக்குப் பத்து வயது. "அம்மாதான் கேஸ தொறந்து வெச்சிட்டு மறந்துடுறாங்க" என்றாள். அதன் பிறகு என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. அவள் அப்பாவோடு இருந்துகொண்டாள். எனக்குப் பள்ளி விடுமுறைகள் கிடைத்தன.

இப்போது அவள் வளர்ந்து, தினமும் பாலம் தாண்டி சிங்கப்பூரில் வேலை பார்க்கிறாள். வாரக்கடைசியில் சில சமயம் என் வீட்டில் தங்குவாள். சாப்பிடுவோம், சீரியல் பார்ப்போம், அந்த வீட்டைப் பற்றி மட்டும் பேசமாட்டோம். அவள் அடுப்படியை விட்டுப் போகும்போது அடுப்புக்குக் கீழே இருக்கும் கேஸ் தோம்பின் வால்வை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டுப் போவாள். என்னை நம்பாமல் தொடுகிறாளா, வெறும் பழக்கமா என்று எனக்குத் தெரியாது.

அதனால்தான் எழுதினேன். இலக்கியத் தாகம், சமூக அக்கறை என்று பேட்டியில் சொன்னதெல்லாம் சும்மா. ஒரே ஒரு வாசகிக்காக எழுதினேன். உன் அப்பாதான் செய்தார் என்று நேராக எழுதியிருந்தால் இரண்டாம் பக்கத்திலேயே மூடி வைத்திருப்பாள். ஆகவே தடயங்களைப் போட்டேன், முடிவைப் போடவில்லை. முடிவை அவளே கண்டுபிடிக்கட்டும், கண்டுபிடித்து என்னிடம் வந்து சொல்லட்டும் என்று காத்திருந்தேன். ஊரெல்லாம் படித்து ஊரெல்லாம் சண்டை போட்டது. அவள், "பஸ்ல படிச்சிட்டு இருக்கேன்மா, முடிச்சிட்டுச் சொல்றேன்" என்றாள். பாலத்து நெரிசலில் இந்நேரம் கந்தபுராணத்தையே முடித்திருக்கலாம்.

இதற்கிடையில் அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. தாரை வார்த்துக் கொடுக்க மனையில் யார் உட்காருவது என்ற பேச்சு வந்தது. நானும் அவரும் பக்கத்தில் உட்கார முடியாது. அவருக்கு இன்னொரு மனைவி வந்து பல வருடங்கள் ஆகின்றன. நான் என் தம்பியையும் அவன் மனைவியையும் உட்கார வைக்கலாம் என்றேன். அவர்கள் உட்கார்ந்தால் என் பக்கம் நின்று என் மகளைக் கொடுத்ததாக இருக்கும், எனக்கு அது போதும். "யோசிச்சிட்டுச் சொல்றேன்மா" என்றாள். அதற்கும் நாவலுக்கும் ஒரே பதில்தான் வரும் என்று எனக்குப் பட்டது.

அந்தச் சமயத்தில்தான் ஜொகூர் பாருவில் ஒரு வாசகர் வட்டம் என் நாவலுக்கு விழா எடுத்தது. நம் ஆட்களுக்கு ஒரு புத்தகத்தைச் சும்மா பேசத் தெரியாது. இரண்டு மேசை போட வேண்டும், நடுவில் நடுவர் வேண்டும், கடைசியில் தீர்ப்பு வேண்டும். கற்பா காதலா என்று வாதாடிப் பழகிய வாய்கள், விடை சொல்லாமல் விட்ட ஒரு கதையைப் பார்த்தால் சும்மா இருக்குமா? 'குற்றவாளி கணவனா, மனைவியா?' என்று பேனர் அடித்துவிட்டார்கள். பேனரில் என் முகத்தை 'மனைவியா'வுக்குப் பக்கத்தில் போட்டிருந்தார்கள். அச்சுக்கடைக்காரருக்கு இடம் அங்கேதான் இருந்ததாம்.

மகள் வந்தாள். அவளாகவே வருகிறேன் என்று சொல்லி வந்தாள். புத்தகம் அவள் கையில் இருந்தது, ஓரம் நைந்து, பஸ்ஸில் பட்ட பாடெல்லாம் தெரிந்தது. முடித்துவிட்டாள் என்று பார்த்ததும் தெரிந்துகொண்டேன்.

கணவனுக்காக வாதாடும் அணிக்குத் தலைவர் ஒரு பணி ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். எழுந்ததுமே, "சாவிய அரிசி டின்ல போடுற பொம்பள, நாளைக்குப் புருஷனையே டின்ல போட்டு மூடிடுவா!" என்றார். மண்டபம் குலுங்கியது. மேடையிலிருந்த நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் எழுத்தாளருக்குத் திமிர் என்பார்கள். மனைவி அணிக்குக் காப்புறுதி முகவராக இருக்கும் ஓர் இளம்பெண். அவள் நல்லவள், அதுதான் தொல்லை. "அவங்க மனநோயாளிங்க, மனநோயாளிய நாம குற்றவாளின்னு சொல்லலாமா?" என்று தழுதழுத்தாள். எனக்காக வாதாட வந்தவளே என்னைப் பைத்தியக்கார விடுதியில் சேர்த்துவிட்டு உட்கார்ந்தாள். அவளுக்குப் பலத்த கைத்தட்டல்.

இப்படியே ஒருவர் மாற்றி ஒருவர். என் கல்யாணத்தின் ஒவ்வொரு நாளையும் எடுத்து நகைச்சுவைத் துணுக்கு ஆக்கினார்கள். மந்திரித்த கயிற்றுக்கு ஒரு சிரிப்பு. அவர் தலையைத் தடவியதற்கு, "இப்படி ஒரு புருஷன் நமக்கு வாய்க்கலியே" என்று பெண்கள் பகுதியிலிருந்து ஒரு குரல், அதற்கு இன்னொரு சிரிப்பு. அது நடந்தது, எனக்கு நடந்தது என்று கத்த வேண்டும்போல் இருந்தது. மேடையில் பழத்தட்டுக்கும் பொன்னாடைக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு எப்படிக் கத்துவது?

நடுவர் நகைச்சுவைக்குப் பேர்போனவர், தீர்ப்புக்கு அல்ல. தன் மீது பழி வராமல் இருக்க, "தீர்ப்ப மக்கள்கிட்டயே விட்டுடுவோம், கை தூக்குங்க" என்றார். முதலில் கணவன் குற்றவாளி என்பவர்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கைகள். நான் வேறு எந்தக் கையையும் பார்க்கவில்லை. என் மகள் புத்தகத்தை மடியில் வைத்து, அதன்மேல் இரண்டு கைகளையும் வைத்திருந்தாள். அடுத்து, மனைவி என்பவர்கள். அவளுடைய வலது கை உயர்ந்தது. பள்ளிக்கூடத்தில் பதில் தெரிந்த பிள்ளை தூக்குவதுபோல் நேராக, முழுதாகத் தூக்கினாள். நடுவர் எண்ணி முடிக்கும்வரை இறக்கவே இல்லை.

பிறகு என்னை ஏற்புரைக்கு அழைத்தார்கள். என் நாவலை இவ்வளவு ஆழமாகப் படித்த உங்கள் எல்லாருக்கும் நன்றி என்றேன். பொன்னாடை போர்த்தினார்கள். புகைப்படம் எடுத்தார்கள்.

இருவரும் காரில் ஏறினோம், பெர்மாஸ் ஜெயாவுக்கு ஓட்டினேன். பேசினால் அழுவேன் அல்லது அவளை அறைவேன், இரண்டில் எது என்று எனக்கே தெரியவில்லை. அவள்தான் தொடங்கினாள்.

"கோவமாம்மா?"

"கதைதானே. உனக்குத் தோணினத நீ சொன்ன."

"கதைன்னு நான் கை தூக்கல." ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னாள். "எனக்குத் தெரியும்மா. அப்பவே தெரியும். நான் ஹால்ல ஹோம்வொர்க் செஞ்சிட்டு இருந்தேன். நீங்க குளிச்சிட்டு இருந்தீங்க. அப்பா குசினிக்குப் போனாரு, அடுப்பத் திருப்புனாரு, வந்து பேப்பர் படிச்சாரு. நான் பாத்தேன்."

வண்டியை ஓரமாக நிறுத்தினேன். பின்னால் வந்தவன் ஹார்ன் அடித்துத் திட்டிவிட்டுப் போனான்.

"பாத்துட்டா அப்படிச் சொன்ன, பெரியவங்க கேட்டப்ப?"

"அப்ப பயம்."

"இன்னிக்கு?"

"அத்தை பின்னால உக்காந்திருந்தாங்க. நீங்க பாக்கல. போன்ல வீடியோ எடுத்திட்டு இருந்தாங்க. அந்தக் கதை யாரப் பத்தின்னு அவங்களுக்குத் தெரியாதா என்ன? நான் கை தூக்கலன்னா அப்பா கல்யாணத்துக்கே வரமாட்டாரு." மூக்கை உறிஞ்சினாள். அழுகை இல்லை, ஏர்கான் குளிர். "மனையில அப்பாவும் சின்னம்மாவும்தான் உக்காருவாங்க. நான் சொல்லிட்டேன். மாமாகிட்ட நீங்க சொல்லிடுங்க."

"என்னப் பத்தி நீ நெனச்சுப் பாக்கவே இல்லையா?"

"நெனச்சேன்மா. நான் என்ன செஞ்சாலும் நீங்க என்ன விடமாட்டீங்க. அப்பா விட்டுடுவாரு."

அவள் குரலில் கோபமும் இல்லை, கெஞ்சலும் இல்லை. விலை பார்த்துக் காய் வாங்குகிறவளைப்போலச் சொன்னாள். அந்தக் கணத்தில் அவளை வெறுத்தேன். பெற்ற மகளை எப்படி வெறுப்பது என்று கேட்பவர்கள் கேட்டுக்கொள்ளட்டும். இத்தனை வருடமாக அவள் நம்பவில்லை என்று நினைத்துத்தான் வெந்துகொண்டிருந்தேன். நம்பினாள், முழுதாக நம்பினாள், அப்படியும் இதுதான். அதைவிட மோசம், நான் அவளை விடமாட்டேன் என்று அவள் சொன்னது உண்மையாக இருந்தது. அதை என்ன செய்வது? வண்டியை எடுத்தேன். வழியில் அவளுக்குப் பிடித்த ரொட்டி சானாய் வாங்கிக் கொடுத்தேன்.

கல்யாணத்தில் எனக்கு முன்வரிசைக்கு அடுத்த வரிசையில் இடம். முன்வரிசை மாப்பிள்ளை வீட்டுக்கும் என் பழைய நாத்தனாருக்கும் போய்விட்டது. அவள் எனக்கு நேர் முன்னால் உட்கார்ந்திருந்தாள், கொண்டையில் கனகாம்பரம். மனையில் அவர் உட்கார்ந்திருந்தார், வயதானாலும் அதே சாந்தமான முகம். மகளின் கையை மாப்பிள்ளையின் கையில் வைத்துத் தாங்கிப் பிடித்தார். அவர் மனைவி செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றினார். அந்த அம்மா கொஞ்சம் தடுமாறினார், தண்ணீர் பட்டுப்புடவையில் சிந்தியது. "பரவாயில்லம்மா" என்று அவர் மெதுவாகச் சொன்னது எனக்குக் கேட்டது. அந்த அம்மா பயந்துபோய் அவரைப் பார்த்ததையும் நான் பார்த்தேன்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண், எனக்கு முன்பின் தெரியாதவள், அப்போதுதான் என் கையைப் பிடித்தாள்.

"அக்கா, நீங்கதானே அந்தக் கதை எழுதுனவங்க? எனக்கு அப்பயே சந்தேகம், கேட்டுடுவோம்னு பாத்தேன். நான் ரெண்டு தடவ படிச்சேன்கா. என் வீட்டுக்காரரு ஒத்துக்கவே மாட்டேங்கிறாரு. அந்தப் புருஷன்தானே எல்லாம் செஞ்சது? அந்தப் பொண்ணு சொன்னது அத்தனையும் உண்மைதானே?"

முன்னால் இருந்த கொண்டை அசையாமல் நின்றது. காது இந்தப் பக்கம் இருந்தது. மனையில் என் மகள் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். இன்னும் தாலி ஏறவில்லை.

"இல்லைங்க" என்றேன், முன்வரிசைக்குக் கேட்கும்படி. "அவளுக்குத்தான் புத்தி சரியில்ல. அந்த மனுஷன் நல்லவரு."

அவள் முகம் சுருங்கிவிட்டது. "அப்ப நான்தான் தப்பாப் புரிஞ்சிக்கிட்டேனா?"

"ஆமாம்" என்றேன்.

கெட்டிமேளம் கொட்டியது. எல்லாரோடும் சேர்ந்து எழுந்து நின்று அட்சதை போட்டேன்.