ஒல்லாந்துப் பெட்டையின் சாப்பாட்டுக் கோப்பை

எழுபதுகளின் நடுவில் நாங்கள் மெல்பேர்னில் ஒரு சின்ன வாடகை வீட்டில் இருந்தோம். என் கணவர் பக்கத்துத் தெரு டெனிஸ் கிளப்பில் சேர்ந்திருந்தார். கோடையில் பெரிய போட்டிகள் தொடங்கும்போது, ஹோட்டலில் தங்க வசதியில்லாத வெளிநாட்டு இளம் ஆட்டக்காரர்களைக் கிளப்காரர் தங்கள் வீடுகளில் வைத்துக்கொள்வது அங்கே வழக்கம். யார் வீட்டில் அறை இருக்கிறது என்று கேட்டபோது, இந்த மனுசன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கையை உயர்த்திவிட்டு வந்துவிட்டார்.

“ஒல்லாந்துப் பெட்டையாம். பத்தொன்பது வயசு. பாவம், தனிய வந்திருக்கு,” என்றார்.

“ஒல்லாந்தர் எங்கட ஊரில கோட்டை கட்டிக்கொண்டு இருந்தது காணாதோ? இப்ப எங்கட அறையும் வேணுமாமோ?” என்று கத்தினேன்.

“அது எந்தக் காலத்துக் கதை! அதுக்கு நீர் ஏன் அந்தப் பிள்ளையில கோவிக்கிறீர்?”

அவள் வந்து வாசலில் நின்றபோதே என் கோபம் பாதி இறங்கிவிட்டது. நிலையில் தலை இடிக்காமல் குனிந்து உள்ளே வந்த நெடுவல். தோளில் மட்டைகள், வெயிலில் உரிந்த மூக்கு. தேத்தண்ணீர் குடித்துக்கொண்டே தன் நிலைமையைச் சொன்னாள். இதையே தொழிலாக எடுத்து விளையாட வந்து அது அவளுக்கு முதல் வருடம். போன இடமெல்லாம் தோல்வி. இந்தப் போட்டியிலும் அவளை நேரே எடுக்கமாட்டார்கள். தகுதி ஆட்டங்களில் வென்றால்தான் உள்ளே போகலாம். அதிலும் தோற்றால் ஊருக்குத் திரும்பி ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் சேரவேண்டும் என்று தகப்பன் சொல்லிவிட்டாராம். “நானும் சரி என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன்,” என்றாள். சொல்லிவிட்டு மட்டைகளை மடிக்கு இழுத்து வைத்துக்கொண்டாள்.

அந்த நிமிடமே அவளை வெல்லவைப்பது என் பொறுப்பு என்று நானாகவே எடுத்துக்கொண்டேன். டெனிசைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. தெரிந்தது சமையல்தான்.

சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, முட்டைக் குழம்பு. உறைப்பைக் குறைத்தே வைத்தேன். கோப்பையில், அதுதான் சாப்பாட்டுத் தட்டில், போட்டதை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டு முடித்தாள். நான் அகப்பையைத் தூக்கினேன். “வேண்டாம், நன்றி,” என்றாள். வேண்டாம் என்பது மரியாதைக்குச் சொல்வது; சொன்ன பிறகும் போடுவதுதான் உபசரிப்பு. எங்கள் ஆட்களில் யார் முதல் தரமே ஓம் என்று சொல்லியிருக்கிறார்கள்? போட்டேன். அதையும் முடித்தாள். வெறுங் கோப்பையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் ஏலுமா? திரும்பவும் போட்டேன்.

“பாத்தீரே, பிள்ளைக்கு என்ன பசி!” என்றார் இவர். எனக்கோ பெருமை தாங்கவில்லை. அடுத்த நாள் பெரிய பானையை எடுத்தேன். அதற்கடுத்த நாளும் அப்படித்தான்.

முதல் தகுதி ஆட்டத்தைத் தட்டுத்தடுமாறித்தான் வென்றாள். அவள் பழகியது செம்மண் தரையில். இங்கே புல்தரை, பந்து எழும்பாமல் வழுக்கிக்கொண்டு வரும், முழங்காலை மடித்துக் குனிந்து எடுக்கவேண்டும். அவளோ பிள்ளைத்தாய்ச்சி மாதிரி இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். “உடம்பில சத்துக் காணாது,” என்று நான் தீர்ப்புச் சொல்லிவிட்டேன்.

இன்னும் ஒரு ஆட்டம். அதுவும் மறுநாள் காலையிலேயே. விடிய எழும்பிப் புட்டு அவித்தேன். அந்த நாளில் பச்சைத் தேங்காய்க்கு எங்கே போவது? உலர்ந்த தேங்காய்ப்பூவைச் சுடுநீரில் ஊறவைத்துச் சமாளித்தேன். புட்டும் வாழைப்பழமும் முட்டைப் பொரியலும், குடிக்கப் பாலும். கோப்பை காலியாகக் காலியாக நானும் போட்டுக்கொண்டே இருந்தேன்.

மைதானத்தில் ஆட்டத்துக்குக் கூப்பிடச் சற்று முன் அவளைக் காணவில்லை. தேடிப் போனால், வேலிச் செடிகளுக்குப் பின்னால் குந்தியிருந்து சாப்பிட்டதையெல்லாம் சத்தி எடுத்துக்கொண்டிருந்தாள். ஓடிப்போய் முதுகைத் தடவினேன். “பயமா?” என்று கேட்டேன்.

“பயமில்லை, சாப்பாடு. ஒவ்வொரு நாளும் கூடிக்கொண்டே போகிறது.”

“அப்ப ஏன் எல்லாத்தையும் சாப்பிட்டனீ?”

“எங்கள் வீட்டில் கோப்பையில் மிச்சம் விடக்கூடாது. இரண்டாம் உலக யுத்தம் முடிவதற்கு முந்திய குளிர்காலத்தில் எங்கள் நாட்டில் பெரும் பஞ்சம். அம்மா அப்போது சின்னப் பிள்ளை. பூச்செடிக் கிழங்கைக்கூட அவித்துத் தின்றிருக்கிறார். இன்றைக்கும் யாராவது மிச்சம் விட்டால் அழுவார்.” வாயைத் துடைத்துக்கொண்டாள். “முடித்துவிட்டால் நீங்கள் நிறுத்துவீர்கள் என்று நினைத்தேன்.”

தலையில் கையை வைத்துக்கொண்டேன். “ஐயோ மகள், எங்கட வீட்டில மிச்சம் விட்டால்தான் நிப்பாட்டுவம்! வாய் இருக்குத்தானே, வேண்டாம் எண்டு சொல்லக்கூடாதோ?”

“ஒவ்வொரு முறையும் சொன்னேனே!”

 அதற்குள் ஒலிபெருக்கியில் அவள் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

முதல் செட்டில் பந்துக்கு ஓடிப் போய்ச் சேரமுடியாமல் தோற்றாள். விசயத்தைக் கேள்விப்பட்ட இவர் என் பக்கம் திரும்பவே இல்லை. முருகா, என்ர புட்டால இந்தப் பிள்ளையின்ர எதிர்காலம் போகக்கூடாது என்று கண்ணை மூடிக்கொண்டு மன்றாடினேன். இரண்டாவது செட்டின் பாதியில் அவள் முகத்தில் நிறம் திரும்பியது. வயிறு காலியானதாலோ என்னவோ, குனிய ஆரம்பித்தாள். எழும்பாத பந்தையெல்லாம் புல்லோடு புல்லாகக் கிடந்து எடுத்தாள். அந்த செட்டை வென்றாள். கடைசி செட்டில் வலைக்கு ஓடிவந்து ஓடிவந்து அடித்தாள். எதிராளியின் கடைசிப் பந்து வலையில் பட்டு விழுந்ததும், மட்டையை எறிந்துவிட்டு ஓடிவந்து, வேர்வையோடு என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அப்பாடா! எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அன்று பின்னேரம் அவள் வீட்டுக்கு டெலிபோன் எடுத்தோம். அங்கே அப்போது காலைநேரம். தன் மொழியில் படபடவென்று பேசினாள், பிறகு பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள், பிறகு கதிரையில் தொப்பென்று இருந்தாள். “அப்பா சம்மதித்துவிட்டார். இனித் திரும்பிப் போகத் தேவையில்லை,” என்றாள். இவர் கை தட்டினார். “அம்மா உங்களோடு பேசவேண்டுமாம்,” என்று ரிசீவரை என்னிடம் நீட்டினாள்.

அந்த அம்மாவுக்கு ஆங்கிலம் கொஞ்சம்தான் தெரியும். வெற்றியைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. “அவள் சாப்பிடுகிறாளா? வயிறு நிறையச் சாப்பிடுகிறாளா?” என்றுதான் கேட்டார். எதிரே மகள் ஒன்றும் சொல்லிவிடாதீர்கள் என்று கையைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

“பயப்படாதீர்கள். ஒரு பருக்கை மிச்சம் விடமாட்டாள்,” என்றேன்.

அந்தப் பக்கத்திலிருந்து ஒரு நீண்ட மூச்சுக் கேட்டது. பிறகு, “நன்றி, நன்றி,” என்று அந்த மனுசி சொல்லிக்கொண்டே இருந்தார்.  ரிசீவரை இவரிடம் கொடுத்துவிட்டுக் குசினிக்குள் போய் அடுப்படியில் நின்று அழுதேன்.