தராசில் ஏறிய பரிசோதகர்

விமானத்தில் ஏறும் ஒவ்வொருவரையும் தராசில் நிறை பார்த்த பிறகே ஏற்ற வேண்டும் என்பது விதி. இரண்டாம் உலக யுத்தம் முடிந்த கையோடு, யாழ்ப்பாணத்துப் பலாலியிலிருந்து மதராசுக்கு விமானம் விட அனுமதி கேட்ட ஒரு கம்பனியில் நான் எழுதுவினைஞனாக இருந்தேன். எங்களைப் பரிசோதிக்கக் கொழும்பிலிருந்து ஓர் உத்தியோகத்தர் வந்தார். ஒல்லியான மனிதர், கராம்பு மென்றபடிதான் எதையும் பார்ப்பார்.

வெள்ளோட்டத்துக்கு வந்த உரும்பிராய் அம்மா ஒருவர் தராசைக் கண்டதும் பின்வாங்கினார்.

"என்ரை நிறையை ஊருக்குச் சொல்லிக் கண்ணூறு வாங்கவோ?"

"குத்துமதிப்பாய் எழுதும், காணும்," என்று மனேச்சர் என் காதில் சொன்னார்.

பரிசோதகர் சப்பாத்தைக் கழற்றிவிட்டுத் தராசில் ஏறினார். "அம்மா, என்ரை நிறையை உரத்து வாசியுங்கோ. கண்ணூறு முதல் எனக்குப் படட்டும்."

அம்மா சிரித்துக்கொண்டே வாசித்தார். பிறகு தாமும் ஏறினார். மனேச்சரின் முகம் மலர்ந்தது.

"அனுமதி இல்லை, மனேச்சர்," என்றார் பரிசோதகர். "நேற்றுக் கொழும்பிலை நிறுத்துப்போட்டுத்தான் வந்தனான். உங்கடை தராசு என்னைப் பத்து இறாத்தல் மெலிய வைச்சிட்டுது. எல்லாரையும் இப்பிடி நிறுத்தால் பிளேன் எழும்புமோ?"

அவர் அம்மாவுக்காக ஏறினாரா, தராசுக்காக ஏறினாரா என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை. புதுத் தராசு வாங்கி மறுபடி விண்ணப்பித்தோம். தீபாவளிப் புடைவை எடுக்க மதராசு போகச் சனம் காத்திருந்தது. அனுமதி வந்தது தீபாவளிக்கு மறுநாள்.