குளிர்ச்சட்டைப் பையில் இரண்டு முட்டைகள்

டிசம்பர் 12, வியாழன். வழக்கம்போல ஆறு மணிக்கு எழுந்து, சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, பிரிக்பீல்ட்ஸ் விடுதியிலிருந்து ரயிலில் கிள்ளான் வந்திருக்கிறேன். உச்சி வெயில். மீன்களை உறைய வைக்கும் கிடங்குக்கு எதிரே ஒரு தேநீர்க் கடை. தடித்த குளிர்ச்சட்டை அணிந்த பெண்ணொருவர் என் மேசையில் வந்து அமர்கிறார். கிடங்கில் பெட்டி அடுக்குகிறாராம். இஞ்சித் தேநீரைக் குடித்து முடித்ததும், சுடச்சுட இரண்டு அவித்த முட்டைகளை வாங்கிச் சட்டைப் பைக்கு ஒன்றாகப் போட்டுக்கொள்கிறார்.

"உள்ள விரல் மரத்துப் போகும் அண்ணே. அப்ப இதப் புடிச்சிக்குவேன். ஆறிட்டா தின்னுருவேன்."

கனடாவில் இருக்கும் மகன் பனிப் படம் அனுப்பியிருக்கிறான். காட்டுகிறார்.

"'குளிர்னா என்னன்னு உங்களுக்கு எங்க தெரியும்மா'ங்கிறான்."

"உங்க வேலையப் பத்தி அவருக்குத் தெரியாதா?"

"ஆபீஸ் வேலைன்னு சொல்லி வச்சிருக்கேன். சொன்னா ஓடி வந்துருவான்னு முன்ன பயந்தேன். இப்ப வேற பயம் லா. சொல்லியும் வராம இருந்துட்டான்னா?"

கிடங்கில் மணி அடிக்கிறது. பைகளில் கைவிட்டபடி வெயிலைக் கடந்து போகிறார்.

மறுநாள் காலை முதல் வேலையாக, விடுதிக்குக் கீழே உள்ள கடையில் அவித்த முட்டை ஒன்று வாங்கி உள்ளங்கையில் பொத்திக்கொள்கிறேன். தேநீர் வருவதற்குள் அது ஆறிவிடுகிறது.