ரேடியோச் சங்கத்துக்குப் போன என் கேள்வி

கேட்டவர் என்ன கேட்டார் என்பதை முதலில் சொல்ல வேண்டும். பிறகு ரேடியோ சொன்ன பதில். நம் அபிப்பிராயம் கடைசியில், தனியாக. எங்கள் ஊர் ரேடியோச் சங்கத்தில் இப்படி ஒரு வழக்கம் இருந்தது. அந்த வழக்கம் வருவதற்கு முன்னால் என் பயிர் மஞ்சளானது.

பிள்ளைப்பாக்கம் பக்கத்தில் எங்கள் ஊர். ஏரி மதகை ஒட்டி எங்கள் கழனி. வீட்டுக்காரர் பட்டணத்தில் ஒரு பட்டறையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை வருவார், திங்கள் விடியலில் போய்விடுவார். கழனி என் பொறுப்பு. இந்தப் போகமும் சரியாக வரவில்லை என்றால் நிலத்தை விற்றுவிட்டு எல்லாரும் பட்டணம் போய்விடலாம் என்று அவர் சொல்லியிருந்தார். எனக்குப் போக மனசில்லை.

நட்ட பயிர் கொஞ்ச நாள் பச்சையாக இருந்தது. அப்புறம் மஞ்சள் தட்டியது. மதகுக் கசிவு கழனியில் நின்றுகொண்டே இருந்தது. காலை வைத்தால் சேறு குமிழி விடும், நாற்றம் வரும். ஒரு தூரைப் பிடுங்கிப் பார்த்தேன். வேர் கறுப்பு.

தண்ணீரை வடிக்கலாம் என்றால் அது கீழ்க்கழனி வழியாகத்தான் போக வேண்டும். கீழ்க்கழனிக்காரர் வயதில் மூத்தவர், பேச்சுக்காரர், ரேடியோச் சங்கத்திலும் இருந்தார். தண்ணீர் விட அவரிடம் வழி கேட்டேன். தண்ணீர் நின்றால் பயிருக்கு நல்லதுதான், யூரியா போட்டால் பச்சையாகிவிடும் என்றார். அவர் அப்போதுதான் எரு போட்டிருந்தார். என் தண்ணீர் வந்தால் அது கரைந்து போகும். அதை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பஞ்சாயத்து ஆபீசில் ரேடியோ இருந்தது. சாயங்காலம் விவசாய நிகழ்ச்சி வரும். சங்கத்து ஆட்கள் உட்கார்ந்து கேட்பார்கள், கேட்டதைப் பேசுவார்கள். சந்தேகம் இருந்தால் பள்ளிக்கூடத்து வாத்தியார் தபால் கார்டில் எழுதி ரேடியோ நிலையத்துக்குப் போடுவார். பதில் ரேடியோவில் வரும். கூரை மேல் இருந்த ஒலிபெருக்கிக் குழாய் கெட்டு நாளாகிவிட்டது. உள்ளே இருப்பவர்களுக்குத்தான் கேட்கும். பெண்கள் வரக்கூடாது என்று யாரும் சொன்னதில்லை. போகிற வழக்கம் இல்லை.

கொழுந்தன் சங்கத்தில் இருந்தான். அவனிடம் எல்லாவற்றையும் சொல்லி அனுப்பினேன். மஞ்சள், நின்ற தண்ணீர், நாற்றம், கறுப்பு வேர். பதில் வருகிற வரைக்கும் எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. சோறு வடித்துவிட்டுக் கழனிக்குப் போவேன். மாட்டைக் கட்டிவிட்டு மறுபடியும் போவேன். போய்ச் செய்வதற்கு ஒன்றும் இருக்காது.

ஒரு சாயங்காலம் கொழுந்தன் வந்தான்.

"யூரியா போடச் சொல்ட்டாங்க அண்ணி. சீக்கிரமா போடணுமாம்."

"ரேடியோ சொல்லிச்சா, அங்க குந்திகினு இருந்தவங்க சொன்னாங்களா?"

"ரெண்டும்தான். இன்னா வித்தியாசம்?"

குன்றத்தூரிலிருந்து யூரியா மூட்டையும் வாங்கி வந்துவிட்டான். நான் மூட்டை வாயை அவிழ்த்தேன், கட்டினேன், மறுபடி அவிழ்த்தேன். கறுப்பு வேருக்கு யூரியாவா என்று மனசு அடித்துக்கொண்டது. போடாமல் விட்டுப் பயிர் போனால் நான்தான் போக்கினேன் என்று ஆகும். கடைசியில் வாத்தியார் வீட்டுக்கு நடந்தேன்.

என் கேள்வியை எப்படி எழுதினீர்கள் என்று கேட்டேன். அவர் யோசித்துச் சொன்னார். "நெற்பயிர் மஞ்சளாகிறது, என்ன செய்யலாம்?" அவ்வளவுதான்.

"தண்ணி நிக்கிறத எழுதலீங்களா?"

"ஒரு கார்டுல எல்லார் கேள்வியும் எழுதணும்மா. சுருக்கித்தான் எழுத முடியும்."

அவர் மேல் தப்பு சொல்ல முடியாது. கார்டு அந்த அளவுதான். ஆனால் அவர் சுருக்கினதில் என் கழனி போய்விட்டது, மஞ்சள் மட்டும் மிச்சம். மஞ்சளுக்கு ரேடியோ யூரியா சொல்லிவிட்டது. அதன் மேலும் தப்பு இல்லை.

எனக்கு ஒரு கார்டு தனியாக எழுதித் தரச் சொன்னேன். நான் மூன்றாவது வரைக்கும்தான் படித்தவள், நிலையத்துக்கு எழுதுகிற கை இல்லை. நான் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். என்ன ரகம், நட்டு எவ்வளவு நாளாகிறது என்று அவரே கேட்டு அதையும் சேர்த்தார். எனக்கு அது தோன்றவில்லை. கீழ்க்கழனி வழியாகத்தான் வடிக்க முடியும் என்று சொன்னபோது மட்டும் பேனாவை நிறுத்தினார்.

"அதுவும் வேணுமா?"

"பேர் வேணாங்க. கீழ்க்கழனின்னு மட்டும் போடுங்க."

எழுதி முடித்துப் படித்துக் காட்டினார். என் பேச்சாகத்தான் இருந்தது.

மறுநாளிலிருந்து நானே போனேன். பஞ்சாயத்து ஆபீஸ் வாசற்படியில் உட்கார்ந்தேன். உள்ளே இருந்தவர்கள் திரும்பிப் பார்த்துவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தார்கள். கொழுந்தனுக்குக் கூச்சம், என் பக்கம் திரும்பவில்லை. அன்றைக்குப் பதில் வரவில்லை. மறுநாளும் இல்லை. பயிர் இன்னும் வெளுத்தது. இன்னும் எத்தனை நாள் மூட்டையைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்று கொழுந்தன் வீட்டில் சத்தம் போட்டான். படுத்தால் தூக்கம் பிடிக்கவில்லை.

அப்புறம் ஒரு நாள் வந்தது. ரேடியோவில் பேசினவர் பதிலைச் சொல்வதற்கு முன்னால் கார்டை முழுசாக வாசித்தார். மதகுக் கசிவு, நாற்றம், கறுப்பு வேர், கீழ்க்கழனி எல்லாம் வந்தது. பிறகுதான் பதில். முதலில் தண்ணீரை வடிக்க வேண்டும். மண் லேசாக வெடிக்கிற வரை காயவிட வேண்டும். அதுவரை யூரியா போடக்கூடாது.

உள்ளே இருந்தவர்கள் எல்லாரும் கீழ்க்கழனிக்காரரைப் பார்த்தார்கள். அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"இதுக்குப் போயி ரேடியோ வரைக்கும் போவணுமா தங்கச்சி? என்னாண்ட ஒரு வார்த்தை கேட்டா ஆவாதா?"

"கேட்டேண்ணா. யூரியா போடச் சொன்னீங்க."

யாரோ சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டார். எரு கரையுமேன்னுதான் பார்த்தேன் என்று அப்போது சொன்னார். அவர் கழனி ஓரமாகவே ஒரு வாய்க்கால் இழுத்துக்கொள்ளலாம், எருவுக்கும் சேதமில்லை என்று வாத்தியார் சொன்னார். விடிந்ததும் கீழ்க்கழனிக்காரரே மண்வெட்டியோடு வந்து வரப்பை வெட்டினார். தண்ணீர் பழுப்பாகப் போனது. நான் நின்று பார்த்தேன்.

அதற்கப்புறம் சங்கத்தில் வாத்தியார் கேள்வியை எழுதினால் கேட்டவரிடம் படித்துக் காட்டிவிட்டுத்தான் போடுவார். பதில் கொண்டுபோகிறவன் கேள்வியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், தன் அபிப்பிராயத்தைத் தனியாகக் கடைசியில். கொழுந்தனுக்கு இது பெரிய தொல்லையாக இருந்தது. ஆனாலும் செய்தான். இப்போது போனிலேயே குழு வைத்திருக்கிறார்கள். யாரோ எதையோ கேட்க, அதில் பாதியை வெட்டிப் போட்டு அதற்குக் கீழே யாரோ பதில் எழுதுகிறார்கள். படிக்கும்போது எனக்கு அந்த மூட்டை வாய்தான் ஞாபகம் வரும்.

கழனியில் மதகோரத்து மூலை எழும்பவில்லை. மற்ற இடம் பச்சை கட்டியது. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர் வந்து வரப்பில் ஒரு சுற்று நடந்தார். மூலையில் நின்று பார்த்தார். சாப்பிட்டார். பட்டணத்துப் பேச்சை எடுக்கவில்லை.

அடுத்த போகத்துக்கு நாற்று விடும்போது அந்தப் பேச்சை எடுத்தார். அதற்குள் நான் சேற்றில் இறங்கிவிட்டேன்.